வெற்றியும் தன்மைப் பன்மையும்

1995ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் தெற்காசியத் தங்கக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. போட்டியை நடத்திய நாடு இலங்கை. எதிர்த்து ஆடியது இந்தியா. உரிய நேரத்துக்குள் எவ்வணியும் கோல் போடவில்லை. மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோல் இலங்கைக்குக் கிண்ணத்தை ஈட்டித் தந்தது. தெற்காசிய நாடுகளுக்கிடையிலான இத்தொடரில் இலங்கை வென்ற கிண்ணம் இன்றுவரை அது ஒன்றே.

ஈழத்து இலக்கியத்தில் இந்நிகழ்ச்சிக்கு ஒரு வரியேனும் கிடைத்ததா என்று தேடினால், நாம் படித்த அளவில் இல்லை. சிறுகதை இல்லை, கவிதை இல்லை, விளையாட்டுப் பக்கங்களுக்கு அப்பால் ஒரு நினைவுக் கட்டுரைகூட நம் கண்ணிற் படவில்லை. மறதிக்கு உடனடிக் காரணம் எளிது. அடுத்த ஆண்டு மார்ச் 17ஆம் நாள் லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வெல்லப்பட்டது. அப்பெரு வெற்றியின் ஆரவாரத்தில் ஏழைகளின் ஆட்டமாகிய உதைபந்தில் கிடைத்த சிறு வெற்றி அமிழ்ந்து போயிற்று. கிரிக்கெட்டுக்கு விளம்பரக்காரர் இருந்தனர். உதைபந்துக்குத் துறைமுகத் தொழிலாளியும் மீனவனும் முஸ்லிம் கடைச் சிப்பந்தியும் தோட்டத்து இளைஞனுமே இருந்தனர். ஆயினும் இக்காரணத்தோடு அமைதி கொள்ள நமக்கு மனமில்லை. எழுத்தாளர் மௌனத்துக்கு இன்னும் ஆழமான வேரொன்று உண்டு என்று கருதுகிறோம்.

இலக்கிய ஏட்டிற் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: சொந்த மண்ணில் ஒரு நாடு வெல்லும்போது அந்நாட்டின் பத்திரிகைகளும் தலைவர்களும் கவிஞர்களும் ஒரே சொல்லைப் பற்றிக்கொள்கிறார்கள். 'நாம் வென்றோம்' என்கிறார்கள். அந்தச் சொல் விளையாட்டுக்குரியதன்று, நமது துறைக்குரியது. அதை ஆராயாமல் விடுவது விமரிசகனின் கடமை தவறுவதாகும்.

தமிழ் கற்ற எவரும் அறிந்த செய்தி ஒன்றை இவ்விடத்து நினைவூட்டுவது தகும். ஆங்கிலத்தில் 'வீ' என்றாலும் பிரெஞ்சில் 'நூ' என்றாலும் சிங்களத்தில் 'அபி' என்றாலும், கேட்பவன் அதனுள் அடங்குகிறானா, வெளியே நிற்கிறானா என்பதை அச்சொல் சொல்லாது. சூழலைக் கொண்டு உய்த்துணர வேண்டும். தமிழோ சொல்லியே தீரும். 'நாம்' என்றால் கேட்பவனையும் சேர்த்தாயிற்று. 'நாங்கள்' என்றால் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியாயிற்று. யார் யாரைத் தன்னோடு சேர்த்துப் பேசுவது என்பதைப் பழைய இலக்கணகாரர் வினை விகுதிகளைக் கொண்டு நுணுகி ஆராய்ந்து, 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்று பெயருமிட்டனர். உளப்படுத்தல் என்பது அழகிய சொல். ஒருவனை உள்ளே எடுத்துக்கொள்வது. அரசியல்வாதிக்கு வசதியான மூடுசொல் ஒன்றைத் தமிழ் தர மறுக்கிறது. கொழும்பில் 'அபி' என்று கூவிய கூட்டத்தின் குரலைத் தமிழில் எழுதப் புகுந்தவன் ஒரு கணம் தயங்க வேண்டியிருந்திருக்கும். எதை எழுதுவது? நாமா, நாங்களா? தமிழ்ச் செய்தியாளர் பெரும்பாலும் மூன்றாவது வழியை நாடுவதை நாம் கண்டிருக்கிறோம். 'இலங்கை அணி வெற்றியீட்டியது' என்று படர்க்கையில் எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். இதைச் செய்தி நடை என்று கொள்ளலாம். அத்தயக்கத்தின் அடையாளம் என்றும் கொள்ளலாம்.

தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. 1995 ஜனவரி 8ஆம் நாள் சந்திரிகா அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் ஓய்ந்தது. நூறு நாள் அளவே நின்ற அந்த ஓய்வு, ஏப்ரல் 19ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் இரண்டு தகர்க்கப்பட்டதோடு முடிவுற்றது. இறுதியாட்டம் நடந்தது அதற்குப் பதினேழு நாள் முன்னர். அதாவது, பெரும்போருக்கு நடுவில் இந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் 'நாம்' என்று அழைத்துக்கொள்ளக்கூடும் என்ற நம்பிக்கை சிறிது துளிர்த்த வாரங்களில் அக்கோல் விழுந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவலாசிரியன் ஒருவனுக்கு இதைவிடக் கூர்மையான கால அமைப்பு வேறென்ன வேண்டும்? வரலாறு தானே முன்வந்து கதையின் முகப்பை அமைத்துக் கொடுத்த பின்னரும் எழுதுகோல் அசையவில்லை.

வேற்று நாட்டார் இத்தகைய பொருளை எவ்வாறு கையாண்டனர் என்று நோக்குவது பயன் தரும். உருகுவே நாட்டு எழுத்தாளர் எதுவார்தோ கலியானோ எழுதிய, வெயிலிலும் நிழலிலும் உதைபந்தாட்டம் என்று பொருள்படும் தலைப்புடைய நூல் இவ்வகையில் முதலிடம் பெறத் தக்கது. ஸ்பானிய மொழியில் அது வெளிவந்த ஆண்டும் 1995 என்பது தற்செயலான பொருத்தம். கலியானோ சொகுசாக இருந்து விளையாட்டைப் பற்றி எழுதியவர் அல்லர். 1973இல் உருகுவேயில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபோது சிறைப்பட்டு, பின்னர் ஆர்ஜென்டீனாவில் அடைக்கலம் புகுந்து, 1976இல் அங்கும் படைத் தளபதிகள் ஆட்சியைப் பறித்ததும் ஸ்பெயினுக்கு ஓடியவர். லத்தீன் அமெரிக்காவின் செல்வம் சுரண்டப்பட்ட வரலாற்றை 1971இல் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே கை பந்தைப் பற்றியும் எழுதிற்று.

அவருடைய உத்தி எளியது. ஒவ்வோர் உலகக் கிண்ணத்தைப் பற்றிய அத்தியாயமும் ஆட்டத்தோடு தொடங்காது. அவ்வாண்டு உலகில் என்ன நடந்தது என்பது முதலில் வரும்: எங்கே போர், எங்கே ஆட்சிக் கவிழ்ப்பு, யார் இறந்தார், என்ன புத்தகம் வந்தது. அறுபதுகளுக்குப் பிந்திய அத்தியாயங்களில் காஸ்ட்ரோ இதோ வீழப் போகிறார் என்ற மியாமிச் செய்தி ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து சிரிப்பூட்டும். அதன் பின்னரே பந்து உருளும். இதனால் வாசகன் மைதானத்தின் சுவர்களுக்கு அப்பாலும் ஒரு கண் வைத்திருக்கப் பழகிவிடுகிறான். பிரசாரம் என்று ஒதுக்க முடியாத கலை இது. நமது முற்போக்கு எழுத்தாளர் பலர் பக்கம் பக்கமாக விரிவுரை நிகழ்த்திச் சாதிக்க முயல்வதை, பக்கத்திற் பக்கத்தில் இரு செய்திகளை வைத்தே கலியானோ சாதித்துவிடுகிறார்.

1978ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனா பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். தளபதி விடேலாவின் ஆட்சி போட்டியை நடத்திற்று. ஜூன் 25ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனா மேலதிக நேரத்தில் நெதர்லாந்தை 3-1 என வென்றது. விடேலா கிண்ணத்தை வழங்கினார். ஆட்டம் நடந்த அரங்கிலிருந்து சிறிது தூரத்தில் கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே கடத்திக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் சித்திரவதைக்கு உள்ளாயினர். அவர்களுட் பெரும்பாலோர் உயிருடன் மீளவில்லை. கலியானோ இவ்விரு இடங்களுக்குமிடையிலுள்ள தூரத்தைக் காட்டுகிறார், அவ்வளவே. கோபச் சொற்களை அவர் அடுக்குவதில்லை.

ஆனால் அவர் நூலில் இல்லாத ஒரு காட்சியையும் இதனருகே வைக்க விரும்புகிறோம். அச்சிறையிலிருந்து தப்பிப் பிழைத்த பெண்ணொருவர் பின்னாளில் அளித்த சாட்சியம் அது. வெற்றி இரவில் அவரைச் சிறைப்படுத்தியோரே காரில் ஏற்றித் தெருக்களின் கொண்டாட்டத்தைக் காணக் கொண்டு சென்றனர். காரின் மேற்கூரைத் திறப்பால் தலையை வெளியே நீட்டிப் பார்க்கவும் அனுமதித்தனர். எங்கும் மக்கள் பாடிக்கொண்டிருந்தனர். 'நான் கடத்தப்பட்டவள்' என்று கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதை அக்கணம் அவர் உணர்ந்தாராம். ஒரு முழுத் தேசமும் தன்மைப் பன்மையிற் பேசிக்கொண்டிருந்தபோது, அதன் நடுவே காரிற் சென்ற ஒருத்திக்குத் தன்மை ஒருமைகூட மிஞ்சவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் கொடியவர்களா? இல்லை. அவர்களும் சம்பளம் போதாத தொழிலாளர். மகிழ ஒரு நாள் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள். இந்த முரணை அதன் முழுக் கனத்தோடு எழுதியவர் மிகச் சிலரே.

கலியானோவிடம் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய நாடு 1930இல் முதலாவது உலகக் கிண்ணத்தை நடத்தித் தானே வென்றது. தலைநகர் மொந்தேவிதேயோவில், அரசியலமைப்பின் நூற்றாண்டு நினைவாகக் கட்டப்பட்ட புதிய அரங்கில், ஆர்ஜென்டீனாவை 4-2 என்று வீழ்த்திற்று. நான்காவது கோலைப் போட்ட காஸ்ட்ரோ என்ற வீரர் சிறு வயதில் மின்வாளில் ஒரு கையின் முன்பகுதியை இழந்தவர். இவ்வெற்றியைப் பற்றி எழுதும்போது கலியானோவின் நடை கனிந்துவிடுகிறது. நிழலைக் காணும் கண் சற்றே வெயிலிற் கூசுகிறது. நல்லவேளை, அதே அணியில் ஆடிய கறுப்பின வீரர் அந்திராதேயை அவர் மறக்கவில்லை. ஐரோப்பா வியந்த அவ்வீரர் 1957இல் வறுமையில் மடிந்தார். 1916இல் உருகுவே தன் அணியில் கறுப்பர் இருவரைச் சேர்த்து ஆடியதற்கு எதிரணியினர் முறையிட்டதையும் நூல் பதிவு செய்கிறது. ஆடும்வரை 'நாம்', ஆட்டம் ஓய்ந்தபின் 'அவன்' என்பது அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆசியாவைப் பற்றி அவருக்குச் சொல்ல அதிகம் இல்லை என்பது இரண்டாவது குறை. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

பிரேசில் 1950இல் தன் மண்ணிலேயே, ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்னிலையில், உருகுவேயிடம் 1-2 எனத் தோற்றது. இக்கட்டுரையின் பொருளுக்கு அது மறுபுறம். ஆயினும் வெற்றி கொண்டிருக்கும் அதே இயல்பைத் தோல்வி பச்சையாகக் காட்டிவிடுகிறது. பழி முழுவதும் கறுப்பினக் கோல்காப்பாளர் பர்போசா மீது விழுந்தது. தம் நாட்டுச் சட்டத்தில் மிகக் கடுமையான தண்டனையே முப்பது ஆண்டுதான், தாம் அதைக் கடந்தும் அனுபவித்துக்கொண்டிருப்பதாக முதுமையில் அவர் வருந்திச் சொன்னார். 2000ஆம் ஆண்டு அவர் இறந்தார். வென்றிருந்தால் 'நாம்', தோற்றதால் 'அவன்'.

பிரான்சின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1998 ஜூலை 12ஆம் நாள் பிரான்ஸ் தன் நாட்டில் நடந்த இறுதியாட்டத்தில் பிரேசிலை 3-0 என வென்றது. இரு கோல்கள் ஸிதானுடையவை. அவர் மார்செய் நகரின் வறிய குடியிருப்பில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அரையிறுதியில் இரு கோல் போட்டு அணியைக் கரையேற்றிய துராம் குவாதெலூப் தீவிற் பிறந்தவர். தெசாயி கானாவிலும் வியேரா செனகலிலும் பிறந்தவர்கள். கரெம்பேயு நியூ கலிடோனியாவின் கனாக் இனத்தவர். 1931இல் பாரிசில் குடியேற்ற நாட்டுக் கண்காட்சி நடந்தபோது, விலங்குகளைப் போலக் காட்டப்படுவதற்கெனக் கொண்டுவரப்பட்ட கனாக் மக்களுள் அவர் மூதாதையும் ஒருவர். தேசிய கீதம் இசைக்கப்படும்போது கரெம்பேயு வாய் திறவாது நின்றதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. இவ்வணியைப் பற்றி 1996இலேயே லெ பென் என்ற இனவாதத் தலைவர் இவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று இகழ்ந்திருந்தார். கிண்ணம் வந்ததும் பிரான்ஸ் முழுவதும் கறுப்பர், வெள்ளையர், அராபியர் ஒன்றாயினர் என்று எழுதித் தள்ளினார்கள். நான்கே ஆண்டுகள், 2002இல் அதே லெ பென் குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். 2005இல் புறநகர்க் குடியிருப்புகள் எரிந்தன.

அவ்வெற்றியைப் பாடியவர்களின் எழுத்து இன்று படிக்கச் சகிக்கவில்லை. மாறாக, நிலைத்தது ஆட்டக்காரரே எழுதிய எழுத்து. துராம் 2010இல் வெளியிட்ட 'என் கறுப்பு விண்மீன்கள்' என்ற நூல், பள்ளிப் புத்தகங்கள் மறைத்த கறுப்பின மாந்தர்களின் வாழ்க்கையைத் தொகுத்துரைக்கிறது. அதில் உதைபந்தாட்டம் மிகக் குறைவு. கிண்ணம் வென்றவன் எந்த 'நாம்' தனக்குக் கடனாகத் தரப்பட்டது என்று திரும்பிப் பார்த்து எழுதிய நூலாகவே அதை நாம் காண்கிறோம். பிரபல வீரர் எழுதினார் என்பதால் நூல் சிறந்ததாகிவிடாது. அதில் சில பகுதிகள் கலைக்களஞ்சியக் குறிப்புகள் போன்றே உள்ளன. ஆனால் கேள்வி சரியான இடத்திலிருந்து எழுகிறது.

இனி நமது வீட்டுக்குத் திரும்புவோம். வீடு என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். போட்டி நடத்தும் நாட்டை உலகம் விருந்தளிக்கும் வீட்டுக்காரன் என்றே அழைக்கிறது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. விருந்தோம்புவதற்கு முதலில் வீடு ஒன்று வேண்டும். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதம் நின்று செல்லும் உக்குவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயத்து அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுட் பெரும்பாலோருக்குத் தாம் வாழும் கூரையும் அதன் கீழுள்ள நிலமும் சொந்தமாக இருந்ததில்லை. அவர்களே வந்தேறிகள் எனப்பட்டவர்கள். வீட்டுக்காரன் வென்றான் என்ற செய்தி அந்த லயத்தில் எப்படிக் கேட்டிருக்கும்?

ஏப்ரல் 2ஆம் நாள் ஆட்டத்தில் எதிரெதிர் நின்ற கொடிகள் இலங்கையும் இந்தியாவும் என்பதை இப்போது மறுபடி நினைவுகூர வேண்டும். இந்த இரு நாடுகளும் இம்மக்களை வைத்து அதற்கு முன்னரே ஓர் ஆட்டம் ஆடி முடித்திருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவ்விண்ணப்பக் காலத்தின் நடுவில், 1951 மார்ச் மாதம், புது தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. விழா நடத்திய இந்தியா உதைபந்து இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால். பிரதமர் நேரு பார்வையாளராக இருந்தார். புதிய குடியரசின் பிள்ளைகள், சிலர் வெறுங்காலுடனே ஆடி, ஆசியாவை வென்றார்கள் என்ற பெருமிதம் தமிழ்நாட்டிலும் எதிரொலித்திருக்கும். அதே மாதத்தில் மாத்தளைத் தோட்டத்தில் ஒருவன், தான் பிறந்த நாட்டையே தன்னுடையது என்று நிரூபிக்கப் பாட்டன் பெயரையும் ஆண்டுக் கணக்கையும் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். தில்லியின் 'நாம்' அவனை எட்டவில்லை. கொழும்பின் 'நாம்' அவனைத் தள்ளிற்று.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். கணக்கு மிக நேர்த்தியானது. ஆட்களைக் கேட்டுப் போட்ட கணக்கு அன்று. அண்ணன் இங்கு, தம்பி அங்கு. மாமியார் நீலகிரிக் கூடலூரில், மருமகள் மாத்தளையில் எனக் குடும்பங்கள் உடைந்தன. ஆகவே 1995இல் இலங்கையும் இந்தியாவும் இறுதியாட்டத்தில் மோதியபோது, லயத்துக் குடும்பம் ஒன்றுக்கு இருபுறமும் உறவு இருந்தது. இருபுறமும் கசப்பும் இருந்தது. 1988இல் இயற்றப்பட்ட சட்டத்தாலேதான் எஞ்சிய நாடற்றவருட் பலர் இந்நாட்டுக் குடிமக்கள் ஆகியிருந்தனர். முழுத் தீர்வுக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் மை உலர்ந்து ஏழு ஆண்டே ஆகியிருந்த நிலையில், எந்தப் பக்கம் கைதட்டுகிறாய் என்று பக்கத்து ஊரான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இக்கண்காணிப்பு இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து விசுவாசத்தை அளக்கலாம் என்று 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிற் கூறியது பெரும் விவாதத்துக்குள்ளாயிற்று. அங்கே ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். இங்கே தேநீர்க் கடையில் சொல்லாமற் செய்தார்கள். பள்ளி மாணவரிடையே இந்தியா ஆடும் நாளில் ஏச்சும் ஏளனமும் பறப்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் அறிவர். உண்மையில் அப்பிள்ளைகளுட் பலர் இந்திய வீரர்களை விரும்புவது நாட்டை முன்னிட்டு அன்று. திரைப்படங்களில் தம் மொழியைக் கேட்பது போல, விளையாட்டிலும் தம்மைப் போன்ற ஒரு முகத்தைத் தேடுகிறார்கள். தேடுவது குற்றமாகாது. அதைக் குற்றமாக்குபவர்களின் தேசப்பற்று மலிவானது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

தமிழ் பேசுவோராகிய நமது 'நாம்' மட்டும் தூயது என்று மார்தட்டவும் இடமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஏப்ரலிலும் அவர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் குடிசைகளிலே இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உதைபந்தாட்டத்தை வளர்த்தவர்களுள் அவர்களும் அடங்குவர். அவர்களைப் பற்றி எழுதும் தமிழ் எழுத்தாளன் தன்மைப் பன்மையில் எதைத் தேர்வான் என்பது கொழும்புச் செய்தியாளனின் இக்கட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் உப்பும் புளியும் வாங்கும் உக்குவளை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

எழுத்தாளரின் மௌனத்துக்கு ஆழமான வேர் இங்குதான் உள்ளது என்பது நம் கருத்து. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் 'தேசிய இலக்கியம்' என்ற முழக்கத்தை முன்வைத்தனர். தமிழகத்தின் நிழலில் நில்லாது இம்மண்ணின் மக்களையும் அவர்கள் பேச்சையும் எழுதுவோம் என்ற அம்முழக்கம் காலத்துக்கு மிகத் தேவையானதாக இருந்தது. கைலாசபதி போன்றோர் அதற்கு வலுவான நியாயம் கற்பித்தனர். இழிசனர் வழக்கு என்று பண்டிதர் முகஞ்சுளித்தபோது உழைப்பவன் பேச்சு இலக்கியமேறியது அதனாலேயே. ஆனால் முழக்கத்தின் முதற் சொல்லாகிய 'தேசிய' என்பது, அக்காலத்திலேயே நாடற்றவராகக் கணக்கிடப்பட்டுக்கொண்டிருந்த பத்து இலட்சம் பேருக்கு என்ன பொருள் தந்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை ஆராய்ந்தார், அவர் 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர், பின்னர் தம்மைத் தெரிவு செய்த மக்களின் வாக்குரிமை பறிபோவதைக் கண்ணாற் கண்டவர். தெளிவத்தை ஜோசப் முதல் மாத்தளையின் மலரன்பன், வடிவேலன், சோமு வரை தொடர்ந்து வந்தோர் லயத்தின் துயரையும் உறவுப் பிரிவையும் எழுதியுள்ளனர். அவர்களுக்கு நம் கடன் பெரிது.

எனினும் ஒரு விடுபடல் கண்ணை உறுத்துகிறது. தோட்டத்து மனிதன் இக்கதைகளில் உழைக்கிறான், அடிபடுகிறான், அழுகிறான், போராடுகிறான், கப்பலேறுகிறான். அவன் விளையாடுவதில்லை. பெரட்டுக் களத்தில் மாலையில் பந்து உதைக்கும் இளைஞர் கூட்டத்தை மலையகத்தில் காணாதவர் இல்லை. கதையில் காண்பது அரிது. விளையாட்டு மக்களை மயக்கும் அபின் என்ற பழைய சூத்திரம் நம் எழுத்தாளர் கையைக் கட்டியிருக்கிறது. விடேலாவின் ஆட்சியை நினைத்தால் அச்சூத்திரத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பந்தின் பின்னால் ஓடுபவனை உறங்குபவன் என்று தீர்ப்பளிப்பது, அவனைக் கண்ணெடுத்துப் பாராதவர் செய்யும் வேலை. நாட்கூலிக்குக் கொழுந்து நிறுத்த தராசு பொய் சொல்கிறது என்று தெரிந்தவன்தான் மாலையில் கோல் கம்பத்துக்கு மூங்கில் நடுகிறான். அங்கே மட்டும் கணக்கு அவன் கண்முன் நடக்கிறது. சிங்கள, முஸ்லிம் இளைஞரோடு அவன் சம உரிமையோடு வாதாடும் இடமும் பல வேளைகளில் அதுவே. இதைக் கழித்துவிட்டு எழுதப்படும் யதார்த்தம் அரை யதார்த்தம்.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் காடு வழியே, காலராவிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் உடல்களை விட்டுவிட்டு வந்த பாதை அது. நடந்தவர்களோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். பதாகைகளில் இருந்த கோரிக்கைகள் காணியும் வீடும் கூலியும் சம குடியுரிமையும். எந்தக் கிண்ணமும் இல்லாமலே அந்நாட்களில் 'நாம்' என்ற சொல் பல வாய்களில் இயல்பாக வந்ததைக் கேட்டவர்கள் உண்டு.

இவ்வளவும் சொன்னபின், எழுதப்படாத அச்சிறுகதையைப் பற்றி நமது எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுவது நேர்மை. அதில் இறுதியாட்டம் தூரத்தே நடக்கலாம். மைதானத்தை விவரிக்கவே வேண்டாம். திங்கட்கிழமைக் காலை, பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் வேளையில் செய்தி தோட்டத்துக்கு வரட்டும். கடைக்காரர் பத்திரிகையை உரக்க வாசிக்கட்டும். கூடலூரிலிருந்து சென்ற கிழமை வந்த நீல நிறக் கடிதம் ஒன்று தகரப் பெட்டியில் பதில் எழுதப்படாமற் கிடக்கட்டும். பெரியவர் ஒருவர் யார் வென்றது என்று கேட்கட்டும். பந்து விளையாடும் பேரன் வாய் திறக்கிறான். அவன் சொல்லப்போகும் வாக்கியத்தின் எழுவாயை எழுதுவதற்கு முன், எழுதுபவர் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் தகும்.